மகள் மாடியில் இருந்தாள் என்கிறீர்கள்

கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு, அமெரிக்காவில் டாலஸ் புறநகர் ஒன்றில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறோம். பதினோரு தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஆளுக்கொன்றாகச் சமைத்துக் கொண்டுவந்து சாப்பிட்டுப் பேசிவிட்டுப் போவது வழக்கம். 2024 தீபாவளியை ஒட்டி, அதிபர் தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, எங்கள் வீட்டில் கூடினோம். கமலா ஹாரிஸின் தாத்தா ஊர் துளசேந்திரபுரம் என்ற கேலிப் பேச்சு எப்படியோ கருக்கலைப்பில் போய் நின்றது. பிரசவப் பிரிவில் நர்ஸாக இருக்கும் அக்கா ஒருவர், டெக்ஸாஸ் சட்டத்தால் மருத்துவர்கள் கைகட்டி நிற்பதைச் சொன்னார். எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான ஓர் அண்ணன், கருவில் இருப்பதும் உயிர்தான், டிரம்ப் நியமித்த நீதிபதிகள் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்தது சரிதான் என்றார். பேச்சு முற்றியது. "எச்-1பி வேலை விசாவில் இருக்கிற உங்களுக்கு ஓட்டே கிடையாது" என்று அக்கா சொல்லிவிட்டார். "கொலைக்குத் துணைபோகிறவர் பேசக்கூடாது" என்று அண்ணன் சொல்லிவிட்டார். நல்ல வேளை, ஆஸ்டினில் படிக்கும் என் மகள் (அப்போது வயது 19) வந்திருந்தாலும் மாடியில் இருந்தாள். கடைசியில் என் கணவர், "இது வெள்ளைக்காரர்கள் சண்டை, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒருநாளும் தேவைப்படாது, நாம் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்" என்று சொன்னார். அதை எல்லோரும் ஒப்புக்கொண்டோம். ஆனாலும் அந்த இரண்டு குடும்பங்களும் அதன்பின் வருவதில்லை. இந்தத் தீபாவளிக்குத் தேர்வு என்று மகளும் வராமல் வீடே வெறிச்சோடிவிட்டது. 2026இல் மறுபடியும் தேர்தல். இனி அரசியலே பேசக்கூடாது என்று விதி வைத்துவிடலாமா? அவர்கள் இருவரையும் எப்படிச் சேர்த்து வைப்பது?

பதில்:

சகோதரிக்கு, தேர்தல் வருகிற ஆண்டுகளில் இதுபோன்ற கடிதங்கள் கட்டுக்கட்டாக வருகின்றன. ஊரும் கட்சியும் மாறுகின்றனவே தவிர, அரசியல் பேசக்கூடாது என்று விதி வைக்கலாமா என்ற கேள்வி மட்டும் மாறுவதில்லை. அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்பதால் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். சண்டை போட்ட இருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீங்கள், உங்கள் மகளைப் பற்றி இரண்டே வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். என் கண் அந்த இரண்டு வாக்கியங்களைவிட்டு நகர மறுக்கிறது.

மகள் மாடியில் இருந்தாள், நல்ல வேளை என்கிறீர்கள். உங்கள் பகுதியில் கட்டப்படும் வீடுகளில் நான் தங்கியிருக்கிறேன். கூடம் கூரை வரை திறந்திருக்கும். மாடியில் ஒரு கைப்பிடிக் கம்பியைத் தவிர மறைப்பு என்று எதுவும் இருக்காது. கீழே மேசையிலிருந்து ஒரு கரண்டி விழுந்தாலும் மேலே படுத்திருப்பவருக்குத் தெரியும். அந்தக் கூடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பெரியவர்கள் குரலை உயர்த்திப் பேசியிருக்கிறீர்கள். உங்கள் மகளின் காதில் எதுவும் விழவில்லை என்று நீங்கள் நம்புவது, அவளிடம் கேட்காமல் இருப்பதற்கு உங்களுக்கு வசதியாக இருப்பதால்தான். அவளிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். அவள் அடுத்த தீபாவளிக்கு வரவில்லை என்பதையும், பரீட்சை என்று அவள் சொன்ன காரணத்தையும், வேறெதற்கோ சாட்சி சொல்வதுபோல் ஓர் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறீர்கள். ஆஸ்டினிலிருந்து டாலஸுக்கு மூன்று, மூன்றரை மணி நேரக் கார்ப் பயணம்தான்.

அவளுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படி எண்ணிப் பதற வேண்டாம். அவள் அன்று கேட்டது என்ன என்பதைத்தான் சொல்கிறேன். நர்ஸ் அக்கா சொன்னதையும் மூத்த அண்ணன் சொன்னதையும் அவள் கல்லூரியில் நூறுமுறை கேட்டிருப்பாள். அவை அவளைப் புண்படுத்தியிருக்காது. "நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒருநாளும் தேவைப்படாது" என்று தன் அப்பா சொன்னதையும், அதற்குத் தன் அம்மா உட்பட ஒருவர்கூட மறுப்புச் சொல்லாததையும்தான் அவள் புதிதாகக் கேட்டாள். பெண்ணாகப் பிறந்தவளுக்கு எந்த வயதிலும் வரக்கூடிய ஒரு துன்பத்தை இந்த வீட்டுக்குள் கொண்டுவர முடியாது என்று, அவளைப் பெற்றவர்களே பத்துக் குடும்பங்களைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அறிவித்திருக்கிறீர்கள். அன்று நடந்ததில் அதுதான் பெரிய தவறு. அதைத்தான் நீங்கள் சமாதானம் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

தேவைப்படாது என்று உங்கள் கணவர் எதை வைத்துச் சொன்னார்? ஒழுக்கத்தை வைத்து. கருக்கலைப்பு என்றால் ஊர் சுற்றும் பெண்களின் விவகாரம் என்ற எண்ணத்தை வைத்து. உங்கள் ஊரிலேயே 2023 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கேட் காக்ஸ் என்பவர் டாலஸ் பகுதியைச் சேர்ந்த, திருமணமான, இரண்டு குழந்தைகளின் தாய். விரும்பிச் சுமந்த மூன்றாவது கருவுக்கு, பிழைப்பதே அரிது என்று சொல்லப்படும் மரபணுக் கோளாறு இருப்பது தெரிந்தது. அவர் நீதிமன்றத்துக்குப் போனார். ஆஸ்டினில் ஒரு நீதிபதி அனுமதி கொடுத்தார். மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. அவர் மாநிலத்தைவிட்டு வெளியே போய்ச் சிகிச்சை பெற வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, உங்கள் மகள் படிக்கும் அதே ஆஸ்டினைச் சேர்ந்த அமண்டா சுராவ்ஸ்கிக்குப் பதினெட்டாவது வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. கருவுற முடியாமல் சிகிச்சை எடுத்துக்கொண்டு, நெடுநாள் காத்திருந்து பெற்ற கரு அது. குழந்தை பிழைக்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், இதயத்துடிப்பு இருந்ததால் மருத்துவர்கள் கைவைக்க அஞ்சினார்கள். அவருக்கு இரத்தத்தில் நஞ்சேறிய பிறகே கருவை வெளியே எடுத்தார்கள்; தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்துதான் அவர் உயிர்பிழைத்தார். இந்த இரண்டு பெண்களின் வளர்ப்பில் என்ன குறை கண்டீர்கள்? நாளைக்கு உங்கள் மகளுக்கு நீங்களே ஜாதகம் பார்த்து, மண்டபம் பிடித்து, வளைகாப்பும் நடத்தி, அதன் மறுவாரம் இதே நிலை வந்தால், அப்போதும் இது வெள்ளைக்காரர்கள் சண்டைதானா?

டெக்ஸாஸில் 2022 ஆகஸ்ட் 25 முதல் நடப்பிலிருக்கும் தடையின்படி, சட்டத்தை மீறிக் கருக்கலைப்புச் செய்த மருத்துவருக்கு ஆயுள் சிறை வரை தண்டனை உண்டு. குறைந்தது ஒரு லட்சம் டாலர் அபராதம் உண்டு. தொழில் உரிமம் பறிபோகும். பாலியல் வன்கொடுமைக்கு விதிவிலக்குக் கிடையாது. கருவுற்ற பெண்ணின்மீது வழக்கு இல்லை; ஆனால் 2021 செப்டம்பரில் வந்த வேறொரு சட்டத்தின்படி, அவளுக்கு உதவியவர்மீது யார் வேண்டுமானாலும் சிவில் வழக்குத் தொடுத்துக் குறைந்தது பத்தாயிரம் டாலர் கேட்கலாம். தாயின் உயிருக்கு ஆபத்து நெருங்கும் வரை மருத்துவர் காத்திருக்கத் தேவையில்லை என்று 2025இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். தடை என்னவோ அப்படியேதான் இருக்கிறது. இதையெல்லாம் அந்த நர்ஸ் அக்கா நாள்தோறும் பணியிடத்தில் சந்திக்கிறார். உங்கள் பதினோரு குடும்பங்களில், பெண் பிள்ளைகளின் தாய்மார்கள் அவரைத் தனியே அழைத்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய விஷயங்கள் இவை. நீங்களோ அவர் வராமல் போனதை விருந்துக்கு ஆள் குறைந்ததுபோல் கணக்கிடுகிறீர்கள்.

வெள்ளைக்காரர்கள் சண்டை என்ற பேச்சையும் இத்தோடு விட்டுவிடுங்கள். அமெரிக்கா முழுதும் கருக்கலைப்பை உரிமையாக்கிய, 2022இல் ரத்தான தீர்ப்பைத் தந்த ரோ எதிர் வேட் என்ற வழக்கு 1970இல் டாலஸில் தொடுக்கப்பட்டது. அந்த வேட் என்பவர் டாலஸ் மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர். 1973இல் அதில் தீர்ப்பு வந்ததற்கு முன்பே இந்தியாவில் 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் ஊரில் இதைப்பற்றி யாரும் சண்டை போட்டதில்லையே என்பீர்கள். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்தின் நிழலில், மருத்துவத்துறைச் சட்டமாக, சத்தமில்லாமல் அது வந்தது. வீட்டில் அம்மாவும் மாமியாரும் மட்டும் அறிந்த காரியமாக அப்படியே தங்கிவிட்டது. அந்த மௌனத்தின் மறைவில்தான் நம் ஊரில் ஸ்கேன் எடுத்துப் பெண் என்று தெரிந்தால் கலைக்கிற கொடுமையும் வளர்ந்தது. பிறந்த பெண் சிசுக்களைக் கொல்வதைத் தடுக்க 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. பாலினம் பார்ப்பதைத் தடை செய்ய 1994இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. இதைப் பற்றிப் பேசாமல் இருந்ததை நம் பண்பாடு என்று யாராவது இனி உங்கள் கூடத்தில் சொன்னால், உசிலம்பட்டியை நினைவூட்டுங்கள்.

என் கருத்து என்னவென்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் மறைக்கமாட்டேன். கருவில் இருப்பதை வெறும் சதை என்று சொல்ல என் நாக்கு எழாது. ஒரு தாய் காய்ச்சலில் நடுங்கும்போது மருத்துவர் வக்கீலின் தொலைபேசிக்காகக் காத்திருப்பதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாக நெஞ்சில் வைத்திருப்பவர்கள் அன்று உங்கள் கூடத்தில் பாதிப்பேராவது இருந்திருப்பார்கள். கட்சிப் பெயர் வந்தவுடன் அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அதே 2024 நவம்பரில் பத்து மாநிலங்களில் கருக்கலைப்பு உரிமை நேரடியாக வாக்குச்சீட்டில் இருந்தது, ஏழில் வென்றது. அவற்றில் மிசௌரியும் மொண்டானாவும் டிரம்ப் எளிதாக வென்ற மாநிலங்கள். ஒரே சீட்டில் அவரையும் தேர்ந்தெடுத்து அந்த உரிமையையும் தேர்ந்தெடுத்தவர்கள் ஏராளம். ஃபுளோரிடாவில் ஐம்பத்தேழு விழுக்காடு பேர் ஆதரித்தும், அறுபது வேண்டும் என்ற விதியால் தோற்றது. டெக்ஸாஸில் குடிமக்கள் மனுக் கொடுத்து இப்படி ஒரு கேள்வியை வாக்குச்சீட்டில் ஏற்றவே வழியில்லை. ஆகவே உங்கள் அண்ணன் எந்தக் கட்சி என்று தெரிந்ததால் அவர் மனத்தில் இருப்பதெல்லாம் தெரிந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். ஓட்டே இல்லாதவர்தான் அதிகம் கத்தினார் என்பதில் எனக்கு வியப்பில்லை. வரி கட்டிக்கொண்டு, கிரீன் கார்டு வரிசையில் நின்றுகொண்டு, வாய்திறக்க ஒரு நண்பர் வீட்டுக் கூடம் மட்டுமே மிஞ்சிய மனிதரிடம் உனக்கு ஓட்டு இல்லை என்று சொன்னது நர்ஸ் அக்காவின் தவறு. நோயாளிகளுக்காக இரவெல்லாம் நிற்கிற பெண்ணைக் கொலைக்குத் துணை என்றது அண்ணனின் தவறு. இரண்டில் இது பெரியது. வீட்டுக்காரியான நீங்கள் அந்த நிமிடமே, அண்ணா, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். மூத்தவர் என்ற மரியாதை அதற்குத் தடையாகாது.

இப்போது செய்ய வேண்டியது. வருகிற சனிக்கிழமை நீங்கள் ஆஸ்டினுக்குப் போங்கள். கணவரோடு போக வேண்டாம். அவர் பேச வேண்டியது தனியாக உண்டு, அதை அவர் பிறகு பேசட்டும். சட்டத்தைப் பற்றியோ கட்சியைப் பற்றியோ அவளிடம் தொடங்காதீர்கள். அன்று அப்பா சொன்னதை நீ கேட்டாயா என்று கேளுங்கள். கேட்டேன் என்பாள். நானும் சும்மா இருந்துவிட்டேன், அது தப்பு என்று சொல்லுங்கள். உனக்கு எது நேர்ந்தாலும், அது எங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும், முதல் தொலைபேசி எனக்குத்தான் வர வேண்டும், நான் வண்டியை எடுத்துக்கொண்டு வருவேன் என்று சொல்லுங்கள். இதற்கு அவள் அழலாம், சிரிக்கலாம், அம்மா ஏன் இப்படி என்று எரிந்து விழலாம். எதுவானாலும் அன்றிரவு அவள் ஊரிலேயே தங்கிவிட்டு வாருங்கள். பிள்ளைக்குக் கட்டணம் கட்டுவதும் ஒழுக்கம் சொல்வதும் பெற்றோரின் கடமையில் சுலபமான பாதி. கெட்ட செய்தியைக் கேட்கும் முதல் ஆளாக இருப்பது மறுபாதி. அதைச் செய்யாமல் வளர்ப்பைப் பற்றிப் பெருமை பேசுகிற குடும்பங்களை நான் மதிப்பதில்லை.

அதற்குப் பிறகு அந்த இரண்டு வீடுகளுக்கும் நேரில் போங்கள். குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள், இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துச் சமரசம் செய்கிற நாடகமும் வேண்டாம். அண்ணன் வீட்டில் அவர் சொன்ன வார்த்தையைச் சொல்லி, அதற்கு வருத்தம் தெரிவிக்கச் சொல்லுங்கள். அக்காவிடம் ஓட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். இருவரும் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்பதையும் இருவரிடமும் சொல்லிவிடுங்கள். ஒருவர் மறுத்தால் மற்றவர் வரட்டும்.

விதியைப் பற்றிக் கேட்டீர்கள். வைக்க வேண்டாம். 2026இல் பேச்சு வந்தால் பேசட்டும்; அன்றைக்கு உங்கள் மகள் வீட்டில் இருந்தால், அவளைக் கீழே அழைத்து உங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள்.