சுற்றிப் போக வழி இருக்கிறதா?

கேள்வி: இரண்டாம் உலகப் போரை வைத்துச் செய்த கணினி விளையாட்டு ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கினேன். எந்தச் சினாரியோவை, அதாவது ஆடுவதற்கான தனிப் போர்க்களத்தை, திறந்தாலும் நேருக்கு நேர் மோதுவதைத் தவிர வழியில்லை. பக்கவாட்டில் போனால் வரைபடம் முடிந்துவிடுகிறது, இல்லையென்றால் டர்ன் (படைகளை நகர்த்தக் கிடைக்கும் முறை) தீர்ந்துவிடுகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? அடுத்ததை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பணத்துக்குக் கெடு உண்டு என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியிருந்தால், வாங்கிய 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருக்கும்போது கேட்க வேண்டும். இந்த வகை விளையாட்டில் பயிற்சிப் பாடமே பாதி நேரத்தை விழுங்கிவிடும். அடுத்த முறை பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு, பெரிய சினாரியோ ஒன்றைத் திறந்து வரைபடத்தை ஓரம்வரை இழுத்துப் பாருங்கள்.

வட ஆப்பிரிக்கப் போர் இருந்தால் நான் முதலில் லிபியாவில் நடந்த கஸாலா சண்டையைத்தான் திறப்பேன். பிரிட்டிஷாரின் கண்ணிவெடி அரண் கடற்கரையில் தொடங்கித் தெற்கே பிர் ஹக்கீம் என்ற பாலைவனக் காவலரண் வரை நீண்டிருந்தது. 1942 மே 26 இரவு ஜெர்மன் தளபதி ரோம்மல் அதற்கும் தெற்கே பாலைவனத்தில் வளைந்து, அரணுக்குப் பின்னால் வந்தார். வரைபடம் பிர் ஹக்கீமோடு நின்றுவிட்டால், கஸாலா என்பது வெறும் பெயர்ப்பலகை.

தெற்கே மணல் இருந்தால் மட்டும் போதுமா? சுற்றிப் போன ரோம்மலுக்குப் பெட்ரோலுக்கும் தண்ணீருக்கும் தட்டுப்பாடு வந்தது. கண்ணிவெடிகளுக்கு நடுவே மேற்கிலிருந்து வழி திறந்த பிறகுதான் அவர் மூச்சுவிட்டார். வழங்கல் கணக்கே இல்லாத விளையாட்டில் சுற்றிப் போவது இலவசம். அது எனக்கு நேர்மோதலைவிட அலுப்பு.

டர்ன் விஷயத்தில் விரல்விட்டே எண்ணிவிடலாம். டாங்கிப் படை ஒரு டர்னில் வரைபடத்தில் 5 கட்டம் நகர்கிறது, சுற்றுவழி 40 கட்டம், மொத்தம் 10 டர்ன் என்றால் வழியிலேயே 8 போய்விடும். மீதி இரண்டில் என்ன சண்டை போடுவது? வெற்றிப் புள்ளி தரும் ஊர்கள் எல்லாம் முன்வரிசைச் சாலையிலேயே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் எதிரியின் பின்புறத்துக்குப் போய் ஒரு பயனும் இல்லை.

குறுகிய வரைபடம் எல்லாமே மோசடி அல்ல. 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்னெம் நகரை நோக்கிப் போன பிரிட்டிஷ் கவசப் படைக்கு உண்மையிலேயே ஒரே சாலைதான். பல இடங்களில் இரு பக்கமும் கால்வாயும் சேற்று நிலமும். அங்கே நெரிசலாக இருப்பதுதான் சரி. அதையே ரஷ்யச் சமவெளிக்கும் செய்திருந்தால் வடிவமைத்தவர் சோம்பேறி என்று வைத்துக்கொள்ளலாம்.

கெடு தாண்டிவிட்டதா? உங்கள் விளையாட்டில் சினாரியோ எடிட்டர் (சினாரியோவை நாமே திருத்தும் கருவி) இருக்கிறதா என்று தேடுங்கள். வரைபடத்தை அகலமாக்குவது பெரிய வேலை. டர்ன் எண்ணிக்கையை மாற்றுவது பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைத் திருத்தும் வேலைதான். 10 என்பதை 16 ஆக்கி ஒருமுறை ஆடிப் பாருங்கள், அதன் பிறகு பர்ஸைத் திறக்கலாம்.