திருப்பிச் சொல்வதும் பேச்சுதான்: சேலம் பெற்றோர் கேட்டவை

சேலத்தில் பேச்சுப் பயிற்சி தருகிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: அக்கா, மகனுக்கு 5 வயது. "தோசை வேணுமா?" என்றால் அவனும் "தோசை வேணுமா?" என்கிறான். பஸ் ஸ்டாண்டில் கேட்ட "ஏற்காடு, ஏற்காடு" கூவலை நாள் முழுக்கச் சொல்கிறான். எப்படி நிறுத்துவது?

நிறுத்தாதீர்கள்மா. கேள்வியைத் திருப்பிச் சொல்வதுதான் சில பிள்ளைகளுக்கு "ஆமாம்" என்று அமெரிக்க மனநல மருத்துவர் லியோ கானர் 1943-லேயே எழுதிவிட்டார். 1981-இல் பேச்சு ஆய்வாளர்கள் பேரி பிரிசன்ட்டும் ஜூடித் டூகனும் இந்த எதிரொலிப் பேச்சை வீடியோவில் பதிந்து பார்த்து, அது 7 விதமான வேலைகளைச் செய்வதாகப் பிரித்தார்கள்.

தமிழில் 'நான், நீ' இல்லாமலே பேசிவிடுகிறோம். ஆள் யார் என்பது வினையின் வாலில் இருக்கிறது ("சாப்பிடுறேன்" என்றால் நான், "சாப்பிடுறியா" என்றால் நீ). அதனால் பசிக்கும்போது பிள்ளை "சாப்பிடுறியா" என்றே வந்து நிற்கும். "அப்படிச் சொல்லாதே" என்று திருத்த வேண்டாம். அவன் இடத்தில் நின்று "சாப்பிடுறேன்" என்று நீங்கள் சொல்லி, தட்டை வையுங்கள். அப்புறம், "ஏற்காடு" வரும்போதெல்லாம் அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு அது "வெளியே போகணும்".

கேள்வி: அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ். ஒரே மொழியில் பேசச் சொல்கிறார்களே?

வேண்டாம். இருமொழி வீட்டில் வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு கூடுதலாகத் தாமதமாவதில்லை என்று 2012-இல் கனடாவில் செய்த ஆய்வு காட்டியது. பாட்டி கொஞ்சும் மொழியைப் பறிக்காதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலை. மகளுக்கு 7 வயது, பேச்சு இல்லை. படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடுமா?

போகாது. இந்தப் பயம்தான் பல பிள்ளைகளின் வருடங்களைத் தின்கிறது, எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. படம், சைகை போன்ற வழிகளால் யாருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியது என்று 2006-இல் வந்த தொகுப்பாய்வு சொன்னது. 4 வயதுவரை பேச்சில் மிகவும் பின்தங்கியிருந்த 535 பிள்ளைகளை அமெரிக்காவில் பார்த்தார்கள் (2013). பிறகு 70 சதவீதம் பேர் சொற்களைச் சேர்த்துப் பேசினார்கள், 47 சதவீதம் பேர் சரளமாகவே பேசினார்கள். கதவு மூடவில்லை. தண்ணீர்க் குடம், சோற்றுத் தட்டு, செருப்பு, மூன்றையும் போனில் படமெடுத்து அச்சிட்டு அவள் கைக்கெட்டும் உயரத்தில் ஒட்டுங்கள். காது கேட்கும் சோதனை செய்யவில்லை என்றால் முதலில் அதை முடியுங்கள்.

கேள்வி: மொழியியல் மாணவன் நான். இந்தப் பிள்ளைகளின் பேச்சை ஆய்வாக எடுக்கலாமா?

எடுங்கள் தம்பி, தமிழில் தேவை நிறைய. பெற்றோரிடம் சம்மதம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். சொற்களை மட்டும் எண்ணாமல், பிள்ளை எதைப் பார்த்தது, யார் கையைப் பிடித்து இழுத்தது என்பதையும் எழுதுங்கள். வீட்டுப் பேச்சை ஏட்டுத் தமிழாக மாற்றிவிடாதீர்கள், பிள்ளை சொன்ன விதம் அதில் காணாமல் போய்விடும்.