வேலைக்குப் போனால் உரிமைத்தொகை நின்றுவிடுமா?

கேள்வி: மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை வாங்குகிறேன். கணவருக்குச் சம்பளம் 12,000. பனியன் கம்பெனியில் 10,000 ரூபாய்க்குக் கூப்பிடுகிறார்கள். பாப்பாவுக்கு மூன்று வயது. "பணம் நின்றுவிடும், போகாதே" என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் திட்டம், நீங்கள் கம்பெனி வேலைக்குப் போகிறீர்களா என்று பார்ப்பதில்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. கணவருடையது 1.44 லட்சம், உங்களுடையது 1.20 லட்சம், மொத்தம் 2.64 லட்சம். வரம்பைத் தாண்டிவிடும், உண்மைதான். ஆனால் வருஷத்துக்குப் போவது 12,000, வருவது 1,20,000. இதற்காக வேலையை விடாதீர்கள்.

வரம்புக்குப் பக்கத்தில் நிற்கும் குடும்பத்துக்குத்தான் சிக்கல். ஏற்கெனவே 2.46 லட்சம் வருமானம் இருக்கிற வீட்டில் சம்பளம் மாதம் 500 ரூபாய் ஏறினால் வருஷத்துக்கு 6,000 கூடும், 12,000 கைவிட்டுப் போகும். உழைத்தும் நஷ்டம்! வருமானம் ஏற ஏறத் தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் இந்த நிலை வராது, அரசு இதைச் செய்தே ஆக வேண்டும் என்பேன். பிரிட்டனில் குழந்தைகளுக்கான உதவித்தொகையை அப்படித்தான் படிப்படியாகத் திரும்ப எடுக்கிறார்கள்: பெற்றோரில் ஒருவரின் வருமானம் 60,000 பவுண்டைத் தாண்டினால் குறைய ஆரம்பித்து, 80,000-இல்தான் முழுதாக நிற்கும்.

மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது என்பதற்காக யாரும் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை, அந்தப் பணம் கேஸுக்கும் மளிகைக்குமே சரியாகப் போய்விடும். அம்மாக்களைத் தடுப்பது பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி. அங்கன்வாடி சாயங்காலம் வரை இருக்காது, உங்கள் ஷிப்ட் இருக்கும். மாமியார் பார்த்துக்கொள்வாரா? இல்லையென்றால், சேர்வதற்கு முன்பே கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறதா என்று கேளுங்கள். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் அது சட்டப்படி கட்டாயம், தினமும் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரவும் உரிமை உண்டு. அப்புறம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். இ.எஸ்.ஐ. இருந்தால் குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கும், அதன் மதிப்பு மாதம் ஆயிரம் ரூபாயை விடப் பெரியது.