காதைக் காணோம்

கேள்வி: எனக்கு வயது 69. எங்கள் இளமையில், அதாவது 1970களில், ஆண்பிள்ளைகள் எவ்வளவு கண்ணியமாக முடி வைத்திருந்தோம்! இன்று என் பேரன் தாராவியில் ஒரு சலூனுக்குப் போய், இரண்டு பக்கமும் வழித்துவிட்டு, உச்சியில் மட்டும் சேவல் கொண்டை மாதிரி விட்டுக்கொண்டு வருகிறான். கேட்டால் 'ஃபேடு' என்கிறான். நம் தமிழ்ச் சலூன்காரர்களே இதைச் செய்வதுதான் வேதனை. இப்படி வெட்ட மாட்டோம் என்று அவர்கள் உறுதி எடுக்கும்படி உங்கள் பத்திரிகை ஓர் இயக்கம் நடத்தினால் என்ன? மாதிரிக்கு என் இளமைக்காலப் படத்தை இணைத்திருக்கிறேன். வெளியிடலாம். பெயர் வேண்டாம்.
– ஒரு வாசகர், செம்பூர், மும்பை

பதில்: கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் படத்தைப் பார்த்துவிட்டேன், ஐயா. தப்பு என்னுடையதுதான். அதற்கப்புறம் கடிதத்தைச் சிரிக்காமல் படிக்க முடியவில்லை.

கறுப்பு வெள்ளை, ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் திரைச்சீலையில் வரைந்த மாளிகைப் படிக்கட்டு. நீங்கள் முக்கால்வாசி திரும்பி, முகவாயைக் கொஞ்சம் தூக்கி நிற்கிறீர்கள். சட்டைக் காலரின் இரண்டு முனைகளும் தோளை எட்டிப் பிடிக்கப் பார்க்கின்றன. காது இல்லை. இடது காது இருக்கவேண்டிய இடத்தில் முடிதான் இருக்கிறது. அதற்குக் கீழே கிருதா கிளம்பி, தாடை வரைக்கும் வந்து, அங்கே கோடாலி முனை மாதிரி அகன்று நிற்கிறது. பின்பக்க முடி காலருக்குள் இறங்குகிறது. எங்கே போய் முடிகிறது என்று படத்தில் தெரியவில்லை. திருப்பிப் பார்த்தால், பென்சிலில், கடிதத்தில் இருக்கும் அதே கையெழுத்து: 'முடி வெட்டிய மறுநாள், 14-3-1976.'

வெட்டிய மறுநாள்! அப்படியானால் முந்தின நாள் எப்படி இருந்தீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

உங்களைக் கேலி செய்ய எனக்குத் தகுதி கிடையாது. உங்களைவிட இரண்டு வயது மூத்தவன் நான். அதே ஊர், அதே காலம், அதே தலை. மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் சந்தின் முனையில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் சலூன் வைத்திருந்தார். ஒரே நாற்காலி. சின்னப் பையன்களுக்கு அதன் கைப்பிடிகள்மேல் ஒரு பலகையைப் போட்டு உட்கார வைப்பார். கையால் அழுத்தி வெட்டும் மெஷின் ஒன்று இருந்தது, நாலு முடியை வெட்டினால் ஒரு முடியைப் பிடுங்கும். தோல்பட்டையில் கத்தி தீட்டும் சத்தம் தெருவுக்குக் கேட்கும். பலகையை விட்டு இறங்கி நேராக நாற்காலியில் உட்காரும் வயது வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணாச்சி, காதுப் பக்கம் போகாதீங்க." அவர் கத்தரியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எங்கிட்டுப் போக? அது எங்க இருக்குன்னு தெரிஞ்சால்ல தம்பி!"

வீட்டில் இதைவிட மோசம். தோல் கிடங்கில் வேலை முடித்து வந்த அப்பா என்னைப் பார்த்ததும் அம்மாவைத்தான் கூப்பிட்டார். "ஏளா, இவன் காதைக் காணோம், தேடிக் கொண்டா." அடுத்த வாரம் முழுக்க அந்த வீட்டில் எனக்குக் காது கேட்காது என்றே வைத்துப் பேசினார்கள். உங்கள் வீட்டில் 'ஆகா, என்ன கண்ணியம்' என்று ஆரத்தி எடுத்தார்களா? அந்தக் காலத்தில் எங்கள் வயதுப் பையன்களுக்குப் பெரியவர்கள் வைத்திருந்த பெயர் 'ஹிப்பி'. பாராட்டாக யாரும் அதைச் சொன்னதில்லை.

நீங்கள் மறந்துவிட்ட வேறொரு விஷயம் இருக்கிறது. அது தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்குத் தெரியாது, பம்பாயில் இருந்த நமக்குத் தெரிய வேண்டும். 1960களின் கடைசியில் இந்த நகரத்துச் சுவர்களில் என்ன எழுதியிருந்தது? 'பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி.' அதாவது, ஊதலை ஊது, லுங்கிக்காரனை விரட்டு. தெற்கேயிருந்து வந்த எல்லாருக்கும் ஒரே பெயர், மதராசி. அந்த மதராசியைத் தூரத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? தேங்காய் எண்ணெய் பளபளக்கப் படிய வாரிய தலை, ஓர வகிடு, காதுக்கு மேலே ஒட்ட வெட்டிய கிராப்பு. வாயைத் திறக்கவே வேண்டாம், தலையே காட்டிக்கொடுத்துவிடும். என் அப்பாவின் தலையும் அப்படித்தான் இருந்தது. லோக்கல் ரயிலில் அவர் ஏறியதும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நான் சின்னப் பையனாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறேன்.

நான் எண்ணெயை நிறுத்தி, காதை மூடி, காலர் வரைக்கும் முடியை விட்டதும் என்ன ஆயிற்று? சயான் ஸ்டேஷன் கூட்டத்தில் நானும் ஒருத்தன் ஆனேன். மராத்திப் பையனுக்கும் அதே தலை, பஞ்சாபிக்கும் குஜராத்திக்கும் அதே தலை. பெல்பாட்டத்தின் பின் பாக்கெட்டில் சீப்பு எட்டிப் பார்க்க, பான் கடைக் கண்ணாடியில் குனிந்து வாரிக்கொண்டிருப்பவன் எந்த ஊர்க்காரன் என்று எவனுக்குத் தெரியும்? நாம் அன்றைக்கு வளர்த்தது கண்ணியத்துக்காக இல்லை, ஐயா. பாதி அப்பாவை எதிர்த்து. மீதிப் பாதி, ரயிலில் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு. (அப்பா தன் எண்ணெயைக் கடைசி வரை விடவில்லை. இப்போது நினைத்தால் எங்கள் இருவரில் துணிச்சல்காரர் அவர்தான் என்று தோன்றுகிறது.)

முன்மாதிரிகளுக்கும் பஞ்சமில்லை. சலூன் சுவரில் இருந்த ராஜேஷ் கன்னாவைக் கீழே இறக்கிவிட்டு அமிதாப் ஏறினார். 'ஷோலே' 1975-ல் வந்து, லாமிங்டன் ரோடு மினர்வாவில் ஐந்து வருஷத்துக்கும் மேல் ஓடியது. படம் தியேட்டரை விட்டு இறங்காதபோது அந்தத் தலை மட்டும் சுவரை விட்டு இறங்குமா? "அமிதாப் கட்" என்று சொல்லி உட்கார்ந்தால் போதும், அண்ணாச்சி நுனியை மட்டும் நாலு வெட்டு வெட்டிவிட்டு முழுக்காசு வாங்கிக்கொள்வார். கிரிக்கெட்காரர்கள் மட்டும் என்ன? நம்மூர் கவாஸ்கர் 1974-ல் மான்செஸ்டரில் டெஸ்ட் ஆடியபோது முடி கண்ணில் விழுகிறது என்று அம்பயரிடம் சொன்னார். அம்பயர் டிக்கி பேர்ட் மைதானத்திலேயே கத்தரியை எடுத்து வெட்டிவிட்டார். அந்த டெஸ்டில் கவாஸ்கர் 101 அடித்தார். மறுநாள் கேம்பில் ஒவ்வொரு அப்பாவும் இந்தச் செய்தியை வைத்துக்கொண்டு மகனை விரட்டினார்கள். "பாத்தியா, முடிய வெட்டினதும் செஞ்சுரி!"

சரி, நீங்கள் கேட்கும் இயக்கத்துக்கு வருவோம். இதை அரசாங்கங்களே நடத்திப் பார்த்துவிட்டன. ஆனால் அவர்கள் விரட்டியது இன்றைய ஃபேடு தலையை இல்லை, உங்கள் 1976 தலையை. சிங்கப்பூரில் அந்த நாளில் அரசு அலுவலகங்களில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்: நீள முடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று. 1972-ல் லெட் செப்பலின் என்ற இங்கிலாந்து இசைக்குழுவை, முடியைக் காரணம் காட்டி உள்ளே விடவில்லை. அதே வருஷம் அந்தக் குழுவில் இருவர் அதே முடியோடு பம்பாய்க்கு வந்து, நம்மூர் வாத்தியக்காரர்களோடு உட்கார்ந்து ரிக்கார்டிங் செய்துவிட்டுப் போனார்கள். பம்பாயில் ஒருவரும் கத்தரியோடு நிற்கவில்லை. தென்கொரியாவில் நின்றார்கள். அங்கே போலீஸ்காரர்களே தெருவில் பையன்களை நிறுத்தி வெட்டினார்கள். உங்கள் படத்தோடு அன்றைக்குச் சியோல் தெருவில் போயிருந்தால் கண்ணியம் அங்கேயே கீழே விழுந்திருக்கும்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், நாம் 'ஒழுங்கான கிராப்பு' என்கிறோமே, அந்தக் கிராப்பே ஒரு காலத்தில் பெரிய குற்றம். சொல்லே இங்கிலீஷிலிருந்து வந்தது. குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்போடு வந்த பையனை வீட்டுக்குள் விடாத தாத்தாக்கள் இருந்தார்கள்.

இப்போது உங்கள் பேரன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, எனக்கு வெட்டும் சலூனில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து ஃபேடு வெட்டுவதைப் பார்த்தேன். தொண்ணூறு அடி ரோட்டில் இருக்கிறது. பெயர்ப்பலகை தமிழில். முதலாளி நம்மவர். கத்தரி பிடிப்பது உத்தரப்பிரதேசத்துப் பையன். (ஆக, உங்கள் உறுதிமொழியை இந்தியிலும் அச்சடிக்க வேண்டும்.) மெஷின் முனையில் நம்பர் போட்ட பிளாஸ்டிக் சீப்பை மாற்றி மாற்றி மாட்டுகிறான். ஒன்றாம் நம்பர் என்றால் மூன்று மில்லிமீட்டர் முடி நிற்கும், இரண்டு என்றால் ஆறு. கழுத்தில் ஒன்றுமே இல்லை, காதுக்குப் பக்கத்தில் ஒன்று, அதற்கு மேல் இரண்டு. இந்தப் படிகளுக்கு நடுவில் கோடு தெரியக்கூடாது. புகை மேலே போகப்போக அடர்வது மாதிரி வரவேண்டும். கோடு தெரிந்தால் வேலை தெரியாதவன். அந்தப் பையன் ஒரு காதுக்குப் பின்னால் மட்டும் ஏழெட்டு நிமிஷம் நின்றான். கடைசியில் ஒரு சின்ன பிரஷ்ஷால் பவுடர் தட்டிவிட்டு, பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டினான். உட்கார்ந்திருந்த பொடியன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

நான் பார்த்தது என்ன தெரியுமா? காதை. இரண்டு காதும், பின்கழுத்தும், சுத்தமாக, வெளிச்சத்தில். உங்கள் அப்பாவும் என் அப்பாவும் தலையில் அடித்துக்கொண்டு கேட்டது இதைத்தானே! 'மிலிட்டரிக்காரன் மாதிரி பக்கமெல்லாம் ஒட்ட வெட்டுடா' என்று கெஞ்சினார்களே! நாம் செய்யவில்லை. உங்கள் பேரன் செய்துவிட்டான். அன்றைக்கு முடி அதிகம் என்று திட்டு வாங்கிய நீங்கள், இன்றைக்கு முடி குறைவு என்று திட்டுகிறீர்கள். உச்சியில் நிற்கும் அந்தச் சேவல் கொண்டை ஒன்றுதான் உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கும் வழக்கு. உங்கள் கிருதாவை எடை போட்டால் கொண்டை தோற்றுவிடும்.

அமிதாப்பின் அந்தத் தலைக்குக் கத்தரி பிடித்தவர்களில் ஒருவர் ஹகீம் கைரான்வி. அவருடைய மகன் ஆலிம் ஹகீம்தான் இன்றைக்கு இதே மும்பையில் கோலிக்கும் தோனிக்கும் வெட்டுகிறார். பேரன்கள் அந்தப் போட்டோக்களைக் காட்டித்தான் சலூன்களில் உட்காருகிறார்கள். அப்பாவிடம் நீங்கள் ஏமாந்தீர்கள், மகனிடம் உங்கள் பேரன் ஏமாறுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

சலூன்காரரிடம் உறுதிமொழி கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெல்பாட்டம் தைத்த டெய்லரிடம் அன்றைக்கு யாராவது உறுதிமொழி கேட்டார்களா? முடிவெட்டுகிறவர் என்றால் மட்டும் நமக்கு அதிகாரம் வந்துவிடுகிறது, அந்த அதிகாரம் எங்கேயிருந்து வருகிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தவிர, நம் ஃபேஷனால் நஷ்டப்பட்டவர்கள் அவர்கள். மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தவன் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தான், வந்தும் 'நுனியை மட்டும்' என்றான். எங்கள் அண்ணாச்சி ஒரு மழைக்காலம் முழுக்கக் கடையில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஃபேடு பத்து நாளில் கலைந்துவிடும், பையன் திரும்ப வந்தாக வேண்டும். அந்தத் தொழிலுக்கு ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் வந்த நல்ல காலத்தை நம் பத்திரிகை கெடுக்காது.

படத்தை வெளியிடவில்லை. தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன். கடிதத்தில் பேரன் பெயரையும் எழுதியிருந்தீர்கள் அல்லவா, உறையின்மேல் அவன் பெயரைத்தான் போட்டிருக்கிறேன்.