அணிலுக்கு மூன்று கோடு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். ஐந்து வருடமாகக் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருக்கிறேன். அப்பா இல்லை. என் அம்மா வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறார். எனக்கு வேலை வராமல் இல்லை. ஆனால் ஒரு படத்தைப் பார்த்ததும் "இது அந்தப் பெண் வரைந்தது" என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பதிப்பாளர்கள் இணையத்திலிருந்து ஏதாவது ஒரு வெளிநாட்டுப் படத்தை எடுத்து அனுப்பி "இந்த மாதிரி" என்பார்கள். அந்த மாதிரியே செய்துகொடுத்துவிடுவேன். குழந்தைகளுக்கான படம்தானே, முகம் அழகாக இருந்தால் போதும், மற்றதையெல்லாம் அவர்கள் கவனிக்கவா போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனாலும் ராத்திரியில் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. எனக்கென்று ஒரு பாணியை எப்படி உருவாக்கிக்கொள்வது? ஐபேடை விட்டுவிட்டுக் காகிதத்துக்கே திரும்பிவிடலாமா? ஏஐ வந்தபிறகு இந்தத் தொழில் நிலைக்குமா? ஒரு பக்கத்துக்கு எவ்வளவு கேட்கலாம்? கடைசியாக வரைந்த புத்தகத்தின் பக்கங்கள் சிலவற்றை இணைத்திருக்கிறேன். அதற்கு இரண்டாம் பதிப்பு வரப்போகிறது.

ர., மதுரை

அன்புள்ள ர.,

உன் வயதில் எனக்கு மகள் இருக்கிறாள். அதனால் நீ என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் வந்தபோது பேத்திக்காகச் சேர்த்துவைத்திருந்த படப்புத்தகங்களைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதிக்கு மேல் அவள் கையில் கொடுக்க மனம் வரவில்லை. அச்சு நன்றாக இருந்தது, தாள் நன்றாக இருந்தது, கதைகூடப் பரவாயில்லை. பிறகு எது தடுக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு உன் கடிதத்தில் விடை கிடைத்தது. "மற்றதையெல்லாம் அவர்கள் கவனிக்கவா போகிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய் பார், அதுதான். அந்தப் புத்தகங்களை வரைந்தவர்கள் எல்லோரும் இதையே நினைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார்கள்.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். ஐபேடா காகிதமா என்பது ஒரு கேள்வியே இல்லை. கைக்கு எது வசப்படுகிறதோ அதில் வரை. ஏஐ பற்றி ஊரே பேசிக்கொண்டிருக்கிறது, நானும் சேர்ந்து பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. பணம் பேசக் கூச்சப்படாதே. எழுத்தில் வாங்கு, முன்பணம் வாங்கு, அட்டையில் எழுத்தாளர் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரும் வரவேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடு.

இனி உன் படங்கள். கோடு உறுதியாக இருக்கிறது. வண்ணம் கூட்டத் தெரிந்திருக்கிறது. குழந்தைகள் ஓடும்போது உடம்பு சாய்கிற சாய்வு எனக்கு மிகவும் பிடித்தது, அதை யாரும் உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. ஆனால் கொய்யாமரத்தில் ஓர் அணில் உட்கார்ந்திருக்கிறதே, அது எந்த ஊர் அணில்? செம்பழுப்பு உடம்பு, காதில் குஞ்சம், முதுகுக்கு மேல் வளைந்து நிற்கிற புசுபுசு வால். அது ஐரோப்பியக் காட்டு அணில். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் செந்நிற மலையணில் உண்டுதான், அது மதுரையில் வீட்டுக் கொல்லைக்கு வந்து கொய்யா தின்னாது. உன் கதையில் வருகிறது வீட்டு அணில். அதற்கு முதுகில் மூன்று கோடு.

இது பெரிய விஷயமா என்று கேட்பாய். சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கிராமத்து நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கப் போயிருந்தேன். கையில் இருந்த புத்தகத்திலும் இதே மாதிரி ஓர் அணில். வாசிக்க ஆரம்பித்ததும் முன்வரிசையில் ஒரு பொடியன் எழுந்து வந்து, படத்தில் விரலை வைத்து, "இது அணில் இல்ல" என்றான். அணில்தானப்பா என்றேன். "கோடு எங்க?" என்றான். ராமர் தடவிக்கொடுத்த மூன்று விரல் கதை அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அதைவிட முக்கியம், அவன் வீட்டுக் கூரையில் தினமும் ஓடுகிற அணிலை அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்திலிருந்த ஒரு பெண் குழந்தை அவனைச் சமாதானப்படுத்தினாள்: "டேய், அது புத்தகத்து அணிலுடா." எனக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. புத்தகத்தில் இருக்கிற அணில் வேறு, கூரையில் இருக்கிற அணில் வேறு என்று அந்த வயதிலேயே ஒரு குழந்தை முடிவுகட்டிவிட்டது. அந்த முடிவை அவளுக்குக் கொடுத்தது படம் வரைந்த கை. நாளைக்கு அந்தப் புத்தகத்து வீடு, புத்தகத்து அம்மா, புத்தகத்துச் சோறு எல்லாமே தன்னுடையது இல்லை என்று ஒதுக்கிவிடுவாள். பிறகு, பிள்ளைகள் வாசிப்பதே இல்லை என்று நாம் மேடை போட்டு அழுவோம்.

கவனிக்கமாட்டார்கள் என்கிறாயே, குழந்தை கவனிக்கிற மாதிரி யாராலும் கவனிக்க முடியாதம்மா. எழுத்துத் தெரிந்தவர்கள் நாம் ஒரு பக்கத்தைத் திறந்ததும் வரிக்கு ஓடிவிடுகிறோம். எழுத்துத் தெரியாத குழந்தைக்கு இருப்பது படம் மட்டும்தான். கதை சொல்கிறவள் மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டிருக்கும்போது அது படத்தின் மூலையில் மேய்ந்துகொண்டிருக்கும். காக்கையை முழுக்கக் கறுப்பாக வரைந்தால், கழுத்தில் சாம்பல் எங்கே என்று அதற்குத் தோன்றும். வாய்விட்டுக் கேட்கத் தெரியாது, அவ்வளவுதான்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வீட்டில் அம்புலிமாமா வரும். வேதாளக் கதையின் முகப்புப் படத்தை நீயும் எங்காவது பார்த்திருப்பாய். தோளில் பிணம், கையில் உருவிய வாள், நடந்துவரும் விக்கிரமாதித்தன். என் தங்கைக்கு அந்தப் படத்தைக் கண்டால் உயிரே போய்விடும். நான் கதை வாசிக்கும்போது உள்ளங்கையால் படத்தை முழுக்க மூடிக்கொண்டு கேட்பாள். கதை பாதி போனதும் சுண்டுவிரலைத் தூக்குவாள், கொஞ்சம் தெரியும். பிறகு அடுத்த விரல். கடைசியில் வேதாளம் முருங்கைமரம் ஏறும்போது கை முழுக்க விலகியிருக்கும். மாதாமாதம் இது நடக்கும். அந்தப் படத்தைப் பிற்பாடு அவளை மனப்பாடமாக வரையச் சொன்னால் வரைந்திருப்பாள், விரலிடுக்கு வழியாக அப்படிப் பார்த்திருக்கிறாள்.

அதை வரைந்தவர் சங்கர், கே.சி.சிவசங்கரன். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். கலைமகளில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு 1952இல் அம்புலிமாமாவை வெளியிட்ட சந்தமாமா நிறுவனத்துக்குப் போனார். அதற்கப்புறம் பத்தாண்டு பத்தாண்டாக மாதம் தவறாமல் வரைந்தார். 2020இல் தொண்ணூற்றாறு வயதில் போய்ச்சேர்ந்தார். அடுத்த வருடம் பத்மஸ்ரீ வந்தது, அவர் இல்லாதபோது. சங்கர் பாணி என்று இன்று சொல்கிறோமே, அதைத் தேடிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கவில்லை. இந்த மாதம் ஒரு ராஜசபை வேண்டும், அடுத்த மாதம் ஒரு சத்திரம் வேண்டும். தூண் எப்படி இருக்கும், சேவகன் இடுப்பில் துணி எப்படிச் சொருகியிருக்கும், கிழவி எப்படிக் குந்துவாள் என்று வரைந்துவரைந்து போனார். பாணி பின்னாலேயே வந்தது.

இங்கிலாந்தில் குழந்தைகள் புத்தகங்களை எழுதி வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் விஷயமும் இதுதான். நீலச் சட்டை போட்ட முயல் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாள் வீட்டில் முயல் வளர்த்து, அதன் எலும்பும் தசையும் தெரிகிற அளவுக்கு வரைந்து பழகியவர். காளான்களை வரைந்த படங்களில் ஆராய்ச்சியாளரின் துல்லியம் இருக்கும். அந்தச் சட்டையைக் கழற்றினால் உள்ளே இருப்பது அசல் முயல், மனிதக் குழந்தைக்குக் காது ஒட்டவைத்தது இல்லை.

ஆனால் உனக்கு நான் சொல்ல நினைத்தது எஸ்ரா ஜாக் கீட்ஸ் கதையை. இதை நிதானமாகப் படி.

கீட்ஸ் 1916இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். போலந்திலிருந்து வந்த ஏழை யூதக் குடும்பம். அப்பா ஓட்டலில் சர்வர். மகன் ஓவியனாகப் போவதில் அவருக்குப் பயம், பட்டினி கிடப்பான் என்று. ஆனால் அவ்வப்போது வண்ணக் குழாய் வாங்கிவருவார். யாரோ பசித்த ஓவியன் ஒரு கிண்ணம் சூப்புக்காகக் கொடுத்துவிட்டுப் போனான் என்று சொல்லிக் கொடுப்பார். மகன் பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்குவதற்கு முந்தின நாள் அவர் இறந்துபோனார். உடலை அடையாளம் காட்டப் போன மகன் அப்பாவின் பர்ஸைத் திறந்து பார்த்தால், தான் பரிசு வாங்கிய செய்திகளை வெட்டிவைத்த, மடிப்பில் நைந்துபோன பத்திரிகைத் துண்டுகள்.

அதன் பிறகு கீட்ஸ் செய்யாத படவேலை இல்லை. அரசாங்கத் திட்டத்தில் சுவரோவியம், காமிக்ஸுக்குப் பின்னணி, போர்க்காலத்தில் ராணுவத்துக்கு உருமறைப்பு வடிவமைப்பு, பத்திரிகைப் படம். 1954 முதல் மற்றவர்கள் எழுதிய குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம். நன்றாகத்தான் வரைந்தார். உன்னைப் போலவே, கேட்டதைக் கேட்டபடி கொடுக்கிற கை.

ஆனால் அவரிடம் ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. 1940இல் லைஃப் பத்திரிகையில் வந்த நாலு புகைப்படங்கள். ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கறுப்பினச் சின்னப் பையன், ரத்தப் பரிசோதனைக்கு ஊசி போடப்போகிறார்கள், அவன் முகம் மாறிமாறிப் போகிறது. அந்த முகம் கீட்ஸை விடவில்லை. வெட்டிச் சுவரில் ஒட்டினார், எடுத்துவைத்தார், மறுபடி ஒட்டினார், இருபது வருடத்துக்கு மேல். தனக்கு வந்த கதைகள் எதிலும் இப்படி ஒரு பிள்ளை நாயகனாக இல்லையே என்பது அவருக்கு உறுத்தியது. கடைசியில் தானே ஒரு கதை எழுதினார். பீட்டர் என்கிற பையன் காலையில் எழுகிறான், வெளியே பனி, போய் விளையாடுகிறான். அவ்வளவுதான் கதை. 1962இல் வந்தது 'தி ஸ்னோயி டே'. அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு.

இந்தப் புத்தகத்தில்தான் இன்று நாம் கீட்ஸ் பாணி என்கிறோமே, அந்த வெட்டி ஒட்டுகிற கொலாஜ் பிறந்தது. எப்படிப் பிறந்தது என்று கேள். வண்ணத்தில்தான் வரைவதாக இருந்தார். அங்கங்கே கொஞ்சம் அச்சடித்த காகிதம் ஒட்டலாம் என்று மட்டும் நினைத்திருந்தார். பீட்டரின் படுக்கை விரிப்புக்கு வெள்ளையும் இல்லாத பழுப்பும் இல்லாத ஒரு காகிதம் தேடிக் கடைக்குப் போனார். அங்கே பெல்ஜியத்துக் கேன்வாஸ் துணி கண்ணில் பட்டது. அசல் படுக்கை விரிப்பின் நிறம், அதே நெசவு. அதில் ஒடுக்கமாக ஒரு துண்டு மட்டும் வாங்கினார். இத்தனூண்டு துணியில் என்ன ஓவியம் வரையப்போகிறார் என்று கடைக்காரர் குழம்பியிருக்கிறார். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அம்மாவின் உடைக்கு அலமாரித் தட்டில் விரிக்கிற எண்ணெய்த்துணி. பனித்துகளுக்கு ரப்பரை வெட்டி வண்ணத்தில் தோய்த்து அழுத்திய அச்சு. பீட்டர் தூங்குகிற பக்கத்தின் சாம்பல் இருட்டுக்குப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தெளித்த மை.

பார்த்தாயா? அவர் பாணி தேடிப் போகவில்லை. ஒரு குழந்தை படுத்து எழுந்த விரிப்புக்குச் சரியான துணி தேடிப் போனார். பின்னணிதானே, வெள்ளை அடித்தால் போதும் என்று விட்டிருக்கலாம். நீ விட்டிருப்பாய். அவர் கடைக்குப் போனார், ஏனென்றால் இருபது வருடமாகச் சுவரில் இருந்த பிள்ளை அது, அதற்கு ஏனோதானோவென்று ஒரு படுக்கை விரிக்க அவருக்குக் கை வராது. அடுத்த வருடமே, படப்புத்தக ஓவியத்துக்காக அமெரிக்காவில் கொடுக்கிற கால்டிகாட் விருது கிடைத்தது. அதை விடு. நியூயார்க் பொது நூலகம் தன் 125 வருடத்தில் மிக அதிகமாக இரவல் போன புத்தகம் எது என்று 2020இல் கணக்கெடுத்தபோது முதலில் வந்தது இதுதான், 4,85,583 தடவை. அத்தனை வீட்டில் ஏதோ ஒரு குழந்தை அந்த விரிப்பின் நெசவை விரலால் தடவிப் பார்த்திருக்கும். கவனிக்கவா போகிறார்கள் என்கிறாய்.

இப்போது உன் புத்தகத்தின் பாட்டிக்கு வருகிறேன். அவள் நீலச் சேலை கட்டியிருக்கிறாள், மஞ்சள் கரை, நடுவில் ஒன்றுமில்லை. மதுரைப் பாட்டி! நீ உட்கார்ந்து வரைகிற அறைக்குப் பக்கத்தில் உன் அம்மா துணியைக் கிள்ளிக்கிள்ளி நூல் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். சாயம் ஏறியபின் முடிச்சு அவிழ்ந்தால் வெள்ளைப் புள்ளி தெறித்து நிற்கும், ஒரு புள்ளி இன்னொன்றைப் போல் இருக்காது. அதைப் பிறந்ததிலிருந்து பார்த்த கண் உன்னுடையது. அந்தக் கண்ணை மூடிவைத்துவிட்டு, யாரோ அனுப்பிய வெளிநாட்டுப் படத்தில் உன் பாணி இருக்கிறதா என்று துழாவிக்கொண்டிருக்கிறாய். எனக்கு இதில் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. வறுமையினால் அந்த முடிச்சைப் பார்க்கவே பிடிக்காமல் போயிருந்தால் அது வேறு. அப்படியென்றால் அந்த வெறுப்பையாவது வரை.

சுங்குடிப் புள்ளியை எடுத்து எல்லாப் பக்கத்திலும் அலங்காரமாகத் தூவிவிடாதே. அதைச் செய்தால் உனக்கு ஒரு வாரத்தில் ஒரு பாணி கிடைத்துவிடும், இன்ஸ்டாகிராமில் பாராட்டும் கிடைக்கும், இரண்டு வருடத்தில் சலித்தும்போகும். நான் சொல்வது அம்மாவின் கையை வரை என்று. நகம், நூல், முடிச்சு விழும்போது விரல் மடங்குகிற விதம். யாருக்கும் காட்டவேண்டாம். ஏதாவது ஒரு புத்தகத்தில் ஒரு பாட்டி பூக்கட்டும்போது அந்தக் கை வந்து உட்காரும்.

பதிப்பாளர் வெளிநாட்டுப் படம் அனுப்பி "இந்த மாதிரி" என்று கேட்டால் என்ன செய்வது என்று கேட்பாய். சண்டை போடாதே, உனக்கு வாடகை கட்டவேண்டியிருக்கிறது. வண்ணத்தை அவர் கேட்ட மாதிரி கொடு. மரம் மட்டும் நீ பார்த்த மரமாக இருக்கட்டும். பெரும்பாலான பதிப்பாளர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

இரண்டாம் பதிப்பு வருகிறது என்று எழுதியிருக்கிறாய். அச்சுக்குப் போவதற்குள் அவர்களைக் கூப்பிட்டு அந்தக் கொய்யாமரப் பக்கத்தை மாற்றித்தருகிறேன், காசு வேண்டாம் என்று சொல். ஒரு பக்கம்தான், மறுக்கமாட்டார்கள். இந்த ஒரு தடவை மட்டும் காசு வேண்டாம். மற்றபடி முன்பணம் வாங்காமல் பென்சிலைத் தொடாதே.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்.