மெய்க்கீர்த்தி: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

மெய்க்கீர்த்தியில் வரும் மெய் உடம்பா, உண்மையா?
உண்மை. கீர்த்தி வடசொல். அரசனின் மெய்யான புகழ் என்று பொருள்; கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழ்ந்து வெட்டும் பாட்டுக்கு அந்தப் பெயர். எழுதியவர் அரசனிடம் சம்பளம் வாங்கியவர் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

தொடங்கியது யார்?
முதலாம் ராஜராஜன் என்பார்கள், பாதி சரி. அரசனைப் புகழ்வது பதிற்றுப்பத்துப் பதிகங்களிலேயே உண்டு, பாண்டியர் செப்பேடுகளிலும் உண்டு. சோழர் கல்வெட்டில் அதற்கு முன் 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்று பராந்தகனுக்குப் போட்டதைப் போல ஒரு அடைமொழியோடு முடித்துக்கொள்வார்கள். ராஜராஜன்தான் 'திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்' என்று தொடங்கும் ஒரே அகவலை ஊர் ஊராக வெட்ட வைத்தார். ஒரு நாட்டைப் பிடித்தால் அதன் பெயர் பாட்டில் ஏறும். 'ஈழமண்டலமும்' இருக்கிறதா, கடைசியாகச் சேர்ந்த 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரமும்' இருக்கிறதா என்று பார்த்தே, ஆண்டு சிதைந்த கல்வெட்டுக்குக்கூட உத்தேசமாகக் காலம் சொல்லிவிடலாம்.

ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வரும் 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்றால் சேரன் கப்பலை அழித்ததுதானே?
அப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள். ஆனால் ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரம் செப்பேட்டைப் படியுங்கள். 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, காந்தளூர் முறைப்படி ஒரு சாலை அமைத்ததாகச் சொல்கிறது. அப்போது சாலை என்பது படிப்பும் சாப்பாடும் நடந்த இடம். அங்கே கலம் உண்கலமாகவும், அதாவது சாப்பிடும் தட்டாகவும், இருக்கலாமே என்று கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையே வாதாடியிருக்கிறார்.

படிக்கிற பையன்களின் தட்டைப் பிடுங்கியதை ஒரு பேரரசன் பெருமையாகப் பாட வைப்பானா?
நல்ல அடி. கப்பல் கட்சியின் பலமே இதுதான். ஆனால் சட்டர்கள் ஆயுதம் ஏந்தக்கூடாது என்று அதே செப்பேட்டில் விதி இருக்கிறது. ஆயுதம் தெரியாத கூட்டத்துக்கு அந்த விதி எதற்கு? மடக்க வேண்டிய கூட்டமாகவே இருந்திருக்கலாம்.

கலம் என்றால் கப்பல்தானே ஐயா?
மேலே பாருங்கள்.

மெய்க்கீர்த்தியை அப்படியே நம்பலாமா?
எதிராளியின் கல்வெட்டையும் வைத்துக்கொண்டு படியுங்கள், எப்போதும் சொல்வதுதான். 949இல் தக்கோலத்தில் சோழர் தோற்றதை ராஷ்டிரகூடர் பக்கம் போனால்தான் விளக்கமாகப் பார்க்கலாம். அவர்களின் அரசன் மூன்றாம் கிருஷ்ணன் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' என்று நம் ஊர்க் கல்லிலேயே போட்டுக்கொண்டான்.

கலம் என்பது...
ஐயா, மேலே!

எங்கள் தலைவர் பிறந்தநாளுக்கு ஒரு மெய்க்கீர்த்தி எழுதித் தர முடியுமா?
ஃபிளெக்ஸ் அடிப்பவரிடம் கேளுங்கள், ரெடியாக வைத்திருப்பார்.