மலேரியாதான் ஒழிந்துவிட்டதே, பிறகேன் இரத்தம் எடுக்கிறார்கள்?

கேள்வி: "அந்தக் காலத்தில் வன்னியில் காய்ச்சல் வராத வீடே இல்லை" என்று அம்மம்மா அடிக்கடி சொல்வா. இப்போது மலேரியா இலங்கையில் இல்லை என்கிறார்கள். ஆனால் ஆபிரிக்காவிலிருந்து லீவில் வந்த அண்ணா காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போக, மலேரியாவுக்கு இரத்தம் எடுத்தார்கள். ஏன்?
- ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: எடுத்தது மிகச் சரி. அம்மம்மா சொல்வதும் உண்மைதான். குளமும் வாய்க்காலும் காடுமான வன்னியில் மலேரியா வருடாவருடம் வந்துபோனது. எத்தனை போர்வை போர்த்தாலும் பல்லுக் கிட்டுகிற நடுக்கம், பிறகு நெருப்பாய்க் கொதித்து, வியர்த்துக் கொட்டி ஓய்ந்து, ஒருநாள் விட்டு மறுபடி தொடங்கும். அடிக்கடி வந்த பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளி நிற்கும்.

ஆனால் 1934-35 இல் நாட்டையே உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோய் கூடுதலாக அடித்தது வன்னியை அல்ல, கேகாலைப் பக்கத்தை. மழை பொய்த்து, ஓடிய ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்க, அவற்றில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு பெருகியது. அங்குள்ளவர்களின் உடம்புக்கு இந்த நோய் பழக்கமும் இல்லை. சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள்.

1946 இலிருந்து வீட்டுச் சுவர்களுக்கு டிடிடி என்ற நுளம்பு கொல்லி மருந்தை அடித்தார்கள். 1963 இல் நாடு முழுவதற்கும் நோயாளிகள் 17 பேர்தான். சரி, முடிந்தது என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், இரத்தம் பார்ப்பதும் தளர்ந்தது. 1969 இல் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா! உங்கள் கேள்விக்கு விடை இந்த ஆறு வருடத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் யுத்தத்துக்குள்ளும் நுளம்பு வலை கொடுத்து, மருந்தடித்து, வீடுவீடாக இரத்தம் எடுத்துத் திரிந்த சுகாதார ஊழியர்களை நாம் போதிய அளவு நினைப்பதில்லை என்பது என் மனக்குறை. உள்நாட்டுத் தொடர் பரவலில் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்றிதழ் தந்தது. ஆனால் நுளம்பு போகவில்லை. போதாததற்கு, கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற புது இனத்தை அதே வருடக் கடைசியில் மன்னாரில் கண்டுபிடித்தார்கள். கிருமியோடு ஒருவர் வந்திறங்கி, அவரை இந்த நுளம்பு கடித்தால் பழையபடி தொடங்கிவிடும்.

கேள்வி: பெரியம்மையை ஒழித்ததுபோல மலேரியாவை உலகத்திலிருந்தே ஒழிக்க ஏலாதா?
- ஒரு வாசகர், வவுனியா

பதில்: பெரியம்மை மனிதரில் மட்டும் வாழ்ந்தது, வந்தவரை முகத்திலேயே கண்டுபிடிக்கலாம், நல்ல தடுப்பூசியும் இருந்தது. 1980 இல் ஒழிந்ததாக அறிவித்தார்கள். மலேரியாவுக்கு நுளம்பும் துணை. அதோடு வைவாக்ஸ் வகைக் கிருமி மாதக்கணக்கில் ஈரலில் ஒளிந்திருந்து மறுபடி காய்ச்சலாக வெளிவரும். ஆபிரிக்காவில் கூடுதலாக உள்ள பல்சிபாரம் வகையோ கவனிக்காவிட்டால் சில நாளிலேயே உயிரை எடுக்கும். ஆகவே இந்தியாவோ ஆபிரிக்காவோ போய்வந்தவருக்கு, வந்து மாதங்கள் கழிந்து காய்ச்சல் என்றாலும், டொக்டர் கேட்கும்வரை இருக்காமல் போன நாட்டை முதலில் சொல்லுங்கள்.